துபுவா சாமியாரின் பயணம்

கேள்வி: அந்தக் காலத்தில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள், ஊழியம் முடிந்து ஊர் திரும்பும்போது நண்பர்களிடம் எப்படி விடைபெற்றிருப்பார்கள்?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பெரும்பாலோர் திரும்பினால்தானே விடைபெற! பாரீஸ் வேதபோதக சபைக் குருமார்கள் ஆயுளுக்கும் சேர்த்தேதான் கப்பலேறினார்கள். அழுகையெல்லாம் பாரீசிலேயே முடிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில், புறப்படும் இளைஞர்கள் பீடத்தின் முன் வரிசையாக நிற்பார்கள். பெற்றவர்களும் நண்பர்களும் குனிந்து அவர்கள் பாதங்களை முத்தமிடுவார்கள். மகனின் காலைத் தொட்டு வழியனுப்பும் தகப்பனை நினைத்துப் பாருங்கள், நெஞ்சு அடைக்கிறது.

திரும்பியவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் அபே துபுவா. 1792-ல் வந்தார். நம் உடை, மரக்கறிச் சாப்பாடு, மைசூர்ச் சீமையில் அம்மைத் தடுப்பு ஊசிப் பணி என்று 31 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, 1823-ல் புறப்பட்டார். 1848-ல் பாரீசில் இறக்கும்வரை இந்தப் பக்கம் வரவே இல்லை. ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. 1826-ல் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் வெளியிட்டார். வீரமாமுனிவரின் கதையில் வரும் பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் அதே புத்தகத்தில் ஏறிப் பாரீஸ் போய்ச் சேர்ந்தார்கள். நண்பர்களைப் பிரிய மனமில்லாதவர், முடிந்தவர்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்!