இருபத்து நாலில் ஒரு பங்கு

அரியக்குடியில் எங்களுக்கு வீடு இருக்கிறது என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அதில் என் பங்கு இருபத்து நாலில் ஒன்று. கட்டிய பாட்டையாவுக்கு நாலு மகன்கள். அவர்களில் ஒருவரான ஐயாவுக்கு இரண்டு மகன்கள். அப்பச்சிக்கு வந்த எட்டில் ஒன்றில் நான், தம்பி, தங்கச்சி. (ஆத்தா தனக்கு வேண்டாம் என்றுவிட்டார், இல்லாவிட்டால் முப்பத்திரண்டு.) பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்தது. எங்கள் வளவுக்குள் அது வந்து சேர மேலும் சில கருமாதிகள் ஆயின.

ஓட்டல் நடத்தும் ஒருவர் வீட்டைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். ஆத்தங்குடிக் கல்லைக் குனிந்து தடவினார், தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தார், நல்ல தொகை சொன்னார். “ஓனர் யாரு சார்?” என்றார். பினாங்கில் ஒருவர், நியூ ஜெர்சியில் இருவர், கோயம்புத்தூரில் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பெரியப்பச்சி என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அறைக்கு அறை தனிப் பூட்டு. ஓடு மாற்றுகிற செலவு மட்டும் எல்லாருக்கும் பொது. அதனால் ஓடு மாறுவதில்லை.

வாடகை வரும்படிக்கு ஒரு சொத்து வேண்டுமென்றால் தனியாக வாங்கித்தான் தீர வேண்டும் என்று ஆனது. நானோ மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

எங்கள் செட்டியார் ஆட்கள் குத்தகைச் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆன கதை இதைவிட வேடிக்கை. பர்மாவுக்குப் போனது லேவாதேவிக்கு. நிலத்தின் மேல் கடன் கொடுத்தார்கள், நிலம் கேட்கவில்லை. 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது. கடன்காரனிடம் பணம் இல்லை, வயல்தான் இருந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. வட்டிக்குப் பதில் சேறு வந்தது என்று ஐயா சொல்வார். வயலைப் பறிகொடுத்த பர்மியக் குடியானவன் இதை வேறு மாதிரி சொல்லியிருப்பான், அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. குத்தகை வாங்கிய காலத்தைவிட நஷ்டஈட்டுக்கு மனுப் போட்ட காலம்தான் அதிகம்.

ஆனால் பணம் திரட்டிய விதம் இருக்கிறதே, அதற்கு இன்றைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். சொந்த முதல் கொஞ்சம், பங்காளி முதல் கொஞ்சம், சம்பந்தி வீட்டுத் தவணைப் பணம், கோயில் பணம். வட்டியை ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்வார்கள். ஐயாவின் பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்த காகிதம், மேலே பிள்ளையார் சுழி, கீழே தமிழ் எண்ணில் தொகைகள். ஒரு பக்கம் முழுக்க அப்பத்தா பெயரில் வரவு. கல்யாணத்துக்கு வந்த சீதனப் பணம். வருஷா வருஷம் வட்டியைச் சேர்த்து மறுபடி முதலில் ஏற்றியிருக்கிறார். ஒரே வீட்டில் படுத்து எழுந்த பெண்டாட்டிக்கு ஐயா ஒரு கடன்காரர். அந்தப் பக்கத்தில் கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937-ல் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் திறந்தார். காரைக்குடிப் பக்கத்துக்காரன் நான் கடன் கேட்டு வேறொரு வங்கியில் போய் உட்கார்ந்தபோது மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, சிபில் ஸ்கோர், மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். மொகல் தெருவில் என்னை யாருக்குத் தெரியும்?

நான் வாங்கப் பார்த்தது காரைக்குடியில் ஒரு வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், விலை 60 லட்சம். கடன் 40 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த 5,40,000-க்கு வங்கி கடன் தராது, மடியிலிருந்துதான் போக வேண்டும். 8.75 சதவீதத்தில் இருபது வருஷத்துக்கு மாதத் தவணை 35,000-க்குச் சற்று மேல். இரண்டு போர்ஷனுக்கும் சேர்ந்து வாடகை 16,000. இதை முதலீடு என்று ஆடிட்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, தொழில் பக்குவம்.

“யார் பேர்ல சார்?” என்றார்.

“அவ பேருலயே வையி தம்பி, வீட்டுக்கு வந்த மகாலட்சுமி” என்றார் ஆத்தா.

“உங்க பணத்துல மனைவி பேர்ல வாங்கினா, வாடகை உங்க வருமானத்துலதான் சேரும். கிளப்பிங். கூட்டுக் குடும்பக் கணக்குல வாங்கலாம், அப்புறம் பிரிக்கிறப்ப எல்லாரும் கையெழுத்து.” அரியக்குடி என் கண்முன் வந்து போனது. “ஆளுக்கு எவ்வளவுன்னு பத்திரத்துலயே எழுதிட்டா, அவரவர் பங்கு வாடகைக்கு அவரவர் வரி. வாடகையில முப்பது சதவீதம் தள்ளுபடி, வட்டியும் கழியும். பழைய வரி முறையில நஷ்டத்தை வருஷம் ரெண்டு லட்சம் வரைக்கும் சம்பளத்துல கழிக்கலாம். புது முறையில அது கிடையாது.”

நான் இருப்பது புது முறையில்.

மனைவி அதுவரை பேசவில்லை. சீதனமாக வந்த டெபாசிட் அவள் பெயரில் 15 லட்சம் இருந்தது. “அறுபதுல பதினஞ்சு கால் பங்கு. கால்னு எழுதுங்க” என்றாள். எழுதினோம். பங்குதாரர் எல்லாரும் கடனிலும் சேர வேண்டும் என்று வங்கி சொன்னதால் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு. தவணை கட்டுவது நான் மட்டும் என்று வாய்ப்பேச்சு.

இப்போது மாதம் பிறந்தால் வாடகையில் 4,000 அவள் கணக்குக்குப் போகிறது. எனக்கு 12,000 வந்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் 23,000 வெளியே போகிறது. மாடி போர்ஷனில் தண்ணீர் மோட்டார் எரிந்து 3,200 ரூபாய் பில் வந்தபோது 800 அனுப்பிவிட்டு ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

வருஷம் முடிந்ததும் கணக்கோடு வந்தாள். பதினஞ்சு லட்சத்துக்கு வருஷ வரும்படி 48,000. டெபாசிட்டிலேயே விட்டிருந்தால் இதைப்போல் இரண்டு பங்கு வந்திருக்கும்.

“குறையுற வட்டியை யார் பற்றுல எழுதுறது?” என்றாள்.