காசு கொடுத்து வாங்கிய இருட்டு

கிரேட் பேரியர் தீவு, நியூசிலாந்து
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மேட்டூர் திறந்து புது ஆற்றில் தண்ணீர் நம்ம மதகு வரைக்கும் வந்ததா என்பதை முதலில் எழுதவும். மற்றதெல்லாம் அப்புறம்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், சிக்னல் போய்விட்டது. “ஏண்டா, அந்த ஊர்ல ஈபி ஆபீஸே கிடையாதாமே?” என்று கேட்டீர்கள். முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாக இருந்து, ஒரத்தநாடு பக்கம் போஸ்ட் நடாத வரப்பு பாக்கியில்லை என்று பேரெடுத்தவர் நீங்கள். உங்கள் அண்ணன் மகன் கரண்டு கம்பியே போகாத ஊரில் வீடு வாங்கியிருக்கிறான் என்றால் அது குடும்பத்துக்கே கௌரவக் குறைச்சல்தான். ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஈபி ஆபீஸ் இல்லை, கம்பம் இல்லை, டிரான்ஸ்பார்மர் இல்லை, தெருவிளக்கு பேருக்குக்கூட ஒன்று இல்லை. இதெல்லாம் இல்லாததற்காகத்தான் சித்தப்பா இந்த ஊரைத் தேடிப் பிடித்தேன்.

ஆக்லாந்திலிருந்து வடகிழக்கே கடலுக்குள் 90 கிலோமீட்டர். 285 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர். நம்ம ஊர்த் தேர் வடத்தில் ஒரு பக்கம் பிடிக்கவே அதைவிட அதிகம் பேர் வேண்டும். கப்பலில் வந்தால் நாலரை மணி நேரம். கடலுக்குக் கோபம் என்றால் கப்பல் வராது. 1894இல் இந்தத் தீவில் ‘வைராரப்பா’ என்ற கப்பல் பாறையில் மோதி நூற்றுக்கு மேல் உயிர் போயிற்று. செய்தி ஆக்லாந்து போய்ச் சேரவே நாள்கணக்கானது. அதற்கப்புறம் 1897இல் புறா காலில் கடிதம் கட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். தமாஷ் இல்லை, அதற்கென்று தனி ஸ்டாம்பே அச்சடித்து விற்றிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கடிதம் தாமதமாக வந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

2017இல் இந்தத் தீவை ‘இருள்வானச் சரணாலயம்’ என்று அறிவித்தார்கள். வேடந்தாங்கலில் பறவைக்குச் சரணாலயம் மாதிரி, இங்கே இருட்டுக்கு. அம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, “இருட்டுக்காகவாடா அவ்வளவு தூரம் போனே? நம்ம கொல்லையில இல்லாத இருட்டா?” என்றாள். கொல்லையில் இருந்தது, உண்மைதான். போன பொங்கலுக்குக் களத்தில் 200 வாட் எல்இடி மாட்டிவிட்டு வீடியோ காலில் பெருமையாகக் காட்டினீர்களே, அன்றோடு அது போயிற்று.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். நான் விசாவுக்குக் காத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தோப்பில் தென்னை ஒன்று மிச்சமில்லாமல் சாய்ந்தது. நீங்கள் வீட்டுக்கே வராமல் கிடைத்த இடத்தில் படுத்து, வயல் சேற்றில் போஸ்ட்டைத் தோளில் சுமந்துகொண்டிருந்தீர்கள். மூன்று வாரம் நம்ம ஊருக்குக் கரண்டு இல்லை. கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு மட்டும்தான் எரிந்தது. அடுத்து வந்த அமாவாசையன்று புழுக்கம் தாங்காமல் களத்தில் பாயை விரித்துப் படுத்து மேலே பார்த்தேன். மேலே இடமே இல்லை சித்தப்பா. அரிசியைக் கொட்டிவிட்டு அள்ள மறந்த மாதிரி அத்தனை நட்சத்திரம். அந்தப் பக்கம் நீங்கள் நாளைக்காவது லைன் கொடுத்துவிட வேண்டும் என்று கையில் கொப்புளத்தோடு பாடுபட்டுக்கொண்டிருந்தீர்கள். இந்தப் பக்கம் நான், இன்னும் ஒரே ஒரு நாள் கரண்டு வராமல் இருக்கட்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் லைன் வந்தது. ஊரே கைதட்டியது, நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலில் பாதி பொய். மன்னித்துவிடுங்கள்.

சரி, வீட்டு விஷயம். இன்னும் தெற்கே ஸ்டூவர்ட் தீவு என்று ஒன்று உண்டு, அதுவும் இருட்டுக்குப் பேர்போனதுதான். குளிரை நினைத்து உங்கள் மருமகள் வர மறுத்துவிட்டாள். இங்கே வந்து மூன்று வீடு பார்த்தோம். மற்றவர்கள் கடல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், நான் வானம் தெரிகிறதா என்று முற்றத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். வீடு விற்க வந்த அம்மாள் எனக்கு மயக்கம் போட்டுவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். கடைசியில் வாங்கியது வடக்குப் பார்த்த வீடு. பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும், சோலார் பலகை வடக்கே பார்த்தால்தான் கரண்டு. அம்மாவுக்கு அதெல்லாம் தேவையில்லை. குபேர திசை என்றதும் வாயெல்லாம் பல்.

கூரையில் விழும் மழைதான் குடிதண்ணீர், தொட்டியில் பிடித்துக்கொள்கிறோம். கரண்டுக்குப் பத்துப் பலகை, ஒரு பேட்டரி வரிசை, அவசரத்துக்கு ஜெனரேட்டர். ஈபி ஆபீஸ், லைன்மேன், பீஸ் கட்டை போடுகிறவன் எல்லாம் நான்தான். புகார் கொடுக்கிறவள் உங்கள் மருமகள். இந்த மாதம் இங்கே குளிர்காலம். நாலு நாளாக வெயில் தலைகாட்டவில்லை, பேட்டரியில் முப்பது சதவீதம்தான் மிச்சம். அவள் தேங்காயையும் பொட்டுக்கடலையையும் மிக்சியில் போட்டு, பட்டனில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் மீட்டரைப் பார்க்கிறேன். “சட்னியா, பிரிட்ஜா, சொல்லுங்க” என்றாள். சட்னி என்றேன். நாலு சுற்றில் வீடே அணைந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பாதி அரைந்த சட்னியோடு இட்லி சாப்பிட்டோம். “இட்லிக்கு மாவாட்ட வெயில் பார்க்கணும், நட்சத்திரத்துக்கு அமாவாசை பார்க்கணும், இது வீடா பஞ்சாங்கமா?” என்று கேட்டுவிட்டு, அம்மி ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறாள். இங்கே வரும் குட்டி விமானத்தில் ஆளையே எடை கேட்டுத்தான் ஏற்றுகிறார்கள். அம்மியை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் விமானி இறங்கிப் போய்விடுவார்.

அம்மி வந்தாலும் அருந்ததி வராது, அது வேறு விஷயம். நம்ம ஊரில் கல்யாணப் பந்தலில் பட்டப்பகலில் ஐயர் விரலை நீட்டுவார், பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். இங்கே ராத்திரியில் பார்த்தாலும் கிடையாது. அருந்ததி இந்த ஊர் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை, துருவ நட்சத்திரமும் அப்படியே. ஆக்லாந்தில் போன தையில் ஒரு தமிழ்க் கல்யாணம். அங்கேயும் விரல் நீண்டது, தலைகள் ஆடின.

இருக்கிற நட்சத்திரமெல்லாம் தலைகீழ். நம்ம களத்திலிருந்து பார்த்தால் மேலே நிற்கும் திருவாதிரை இங்கே கீழே தொங்குகிறது. நிலாவில் வடை சுடும் பாட்டி குப்புறக் கிடக்கிறாள், எண்ணெய் எப்படிச் சிந்தாமல் இருக்கிறதோ! அகத்தியர் ஒருவர்தான் சௌக்கியம். நம்ம ஊரில் மார்கழி, தையில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அதே அகத்திய நட்சத்திரம், இங்கே வருஷம் முழுக்க வானத்தில் குடியிருக்கிறது. கொஞ்ச நேரம் கடலில் கால் நனைத்துவிட்டு உடனே எழுந்துவிடுகிறார். கமண்டலத்தைக் காக்கை கவிழ்த்துக் காவிரி ஓடியதிலிருந்து நடக்கும் தண்ணீர்ப் பஞ்சாயத்துக்குப் பயந்து இங்கேயே தங்கிவிட்டார் போல.

வந்த புதிதில் அசிங்கப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி மாதம், எட்டங்குலத் தொலைநோக்கியை (பார்க்க நம்ம போர்வெல் பைப் மாதிரி இருக்கும்) முற்றத்தில் தூக்கி வைத்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி. தெற்கே மட்டும் இரண்டு துண்டு மேகம். கலையட்டும் என்று காத்திருந்து தூங்கப் போனேன். மறுநாளும் அதே மேகம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கிழவரிடம், இந்த மேகம் எப்போது போகும் என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் எழுந்துவிட்டன. அவை மெகல்லன் மேகங்களாம். பேர்தான் மேகம், இரண்டும் தனித்தனி அண்டங்கள். பெரியதிலிருந்து கிளம்பிய வெளிச்சம் இங்கே வர 1,60,000 வருஷம் ஆகிறது. நான் மூன்று நாள் காத்திருந்ததற்கே அலுத்துக்கொண்டேன்.

அந்தப் பெரிய மேகத்துக்குப் பக்கத்தில்தான், சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பஞ்சாங்கம் கணித்த மனிதர். சென்னையில் அது தெற்கு அடிவானத்தை விட்டு அதிகம் மேலே ஏறாது. பனைமரம் மறைத்தால் போச்சு. அதை எப்படிப் பிடித்தாரோ! எனக்கு இங்கே கோடை இரவில் தெற்கே நல்ல உயரத்துக்கு ஏறி வருகிறது, அப்படியும் தேடிப் பிடிக்க எனக்கு நாலு ராத்திரி ஆயிற்று.

கடைசியாக ஒன்று. இங்கத்து மாவோரி மக்களுக்கு மத்தாரிக்கி என்று ஒரு பண்டிகை, 2022இலிருந்து அரசு விடுமுறை. விடியலுக்கு முன்னே நம்ம கார்த்திகை நட்சத்திரம் மறுபடி கிழக்கே தெரிவதுதான் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. ஆறு பேர் ஒரு பிள்ளையை வளர்த்ததாக நாம் சொல்கிறோம், ஒரு தாயும் அவள் பெண்களும் என்கிறார்கள் அவர்கள். இந்த முறை எங்களையும் மெட்லண்ட்ஸ் கடற்கரைக்குக் கூப்பிட்டார்கள். குளிரில் பல் கிட்டிக்கொண்டது. மண்ணுக்குள் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மீனும் திறந்து, ஆவி மேலே போகும்படி விட்டார்கள். ஆவிதான் நட்சத்திரங்களுக்குப் படையல். பிறகு அந்த வருஷம் இறந்தவர்களின் பேரை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்ததும் அப்பாயி பேரைச் சொன்னேன். அவர்கள் வாயில் நுழையாத பேர், ஆனாலும் மூன்று பேர் திருப்பிச் சொன்னார்கள்.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சித்தப்பா. களத்தில் பாம்பு வரும், நெல் காயும், எல்லாம் தெரியும். அந்த எல்இடிக்கு ஒரு தகரத் தொப்பி மட்டும் வெட்டிப் போடுங்கள், வெளிச்சம் தரைக்குத்தானே வேண்டும்? வெள்ளையாக எரிவதை மாற்றி மஞ்சளாக ஒன்று மாட்டினால் பூச்சியும் குறையும். ஆடி அமாவாசை ராத்திரி எட்டு மணிக்கு அதே களத்தில் நின்று தெற்கே பாருங்கள். கேட்டை சிவப்பாக மின்ன, தேள் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தெரியவில்லையென்றால் தொப்பி சின்னது, இன்னும் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்