பேரனுக்கு ஒன்பது வேணுமாம்

ஏலே பேராண்டி, புதுக் காருக்கு 9999-தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே? கூட்டுனா 9 வரணும்னு எண் ஜோசியர் சொன்னாராம். அதுக்குப் பெருந்தொகை கட்டப் போறேன்னு உங்கம்மா வந்து மூக்கைச் சிந்திட்டுப் போறா. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் திண்ணையிலேயே கெடக்கேன். ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிருவ?

மாடு வாங்கப் போனா கொம்பையா பாப்போம்? பல்லைப் பிடிச்சுல்லா பாப்போம். எண்ணுக்குப் பல்லு அதோட வகுத்திக. மீதி விழாம எத்தன எண்ணு அதை வகுக்குதுன்னு எண்ணணும். 9999-ஐப் பிடிச்சுப் பாத்தேன். ரெண்டு 3, ஒரு 11, ஒரு 101. வகுத்தி மொத்தம் 12. நாழிகைக் கணக்குல வருதே 60, அந்தக் குள்ளனுக்கும் 12-தான்லே! வளத்தியப் பாத்து ஏமாந்துட்டியே.

பகா எண்ணுன்னு ஒரு ரகம் உண்டு. 1-க்கும் தனக்கும் தவிர எவனுக்கும் பங்கு கொடுக்காது. உன் மாமனார் மாதிரின்னு நான் சொல்லல.

அதுக்கு நேரெதிர் ரகத்தைத் தேடிப் போனவரு கும்பகோணத்து ராமானுஜன். தனக்குக் கீழ உள்ள எல்லா எண்ணையும் விட வகுத்தி கூடுதலா இருந்தா அது உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60-னு போவும். கேம்பிரிட்ஜ்ல இருந்தப்ப, 1915-ல லண்டன் கணிதச் சங்கத்து ஏட்டுல நூத்துச் சொச்சம் எண்ணுகளுக்கு அட்டவணை போட்டாரு. கம்ப்யூட்டரா, கால்குலேட்டரா? அதுல ஒண்ணே ஒண்ணு விட்டுப் போச்சு. 293318625600. எங்க, வாசி பாப்போம்! 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. வகுத்தி 5040. ரெண்டு பேரு வந்தாலும் சரி, 22 பேரு வந்தாலும் சரி, சண்டையில்லாமப் பங்கு வெச்சிரலாம். 23 பேரா வந்து நின்னாத்தான் பஞ்சாயத்து.

வேடிக்கையக் கேளு. அதையே 23-ஆல பெருக்குனா 6746328388800. அதுதான் அவரு அட்டவணையில கடைசி எண்ணு! மவனுக்குப் பத்திரிகை வெச்சுட்டுத் தகப்பனுக்கு வைக்க மறந்த கதை. நூத்துல ஒண்ணு விட்டுப்போனத ஊரே இன்னும் பேசுது. நீ பத்தாங்கிளாஸ் கணக்குல நூத்துக்கு அறுபத்தஞ்சு விட்டத நான் உன் பொண்டாட்டிகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல.

அதனால 7560-னு கேளு. வகுத்தி 64. நாலு இலக்கத்துல அதை மிஞ்ச ஆளில்ல. அதுக்கு எவனும் போட்டிக்கும் வரமாட்டான். கூட்டிப் பாரு. ஏழும் அஞ்சும் ஆறும் 18, ஒண்ணும் எட்டும் 9. ஜோசியர் வாயும் அடைஞ்சு போச்சா?

மிச்சமாவுற காசுக்கு 64 வகுத்தியெல்லாம் வேண்டாம். ரெண்டால வகுத்தாப் போதும். ஒரு பாதியத் திண்ணைக்குக் கொண்டாந்துரு.