ஸ்டார்ட் பட்டன் இல்லாத ஜாய்ஸ்டிக்

மைக்ரோபிராசசர் லேப் ரெக்கார்டு நோட்டு ஒன்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்பக்கங்களில் 8085 சிப்புக்கு எழுதிய கூட்டல், கழித்தல் புரோகிராம்கள். கடைசியில், கோடு போடாத ஒரு பக்கத்தில், பென்சிலும் ஸ்கேலும் வைத்துப் போட்ட ஒரு அட்டவணை. தலைப்பில் மூன்று பெயர்கள்: பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ. 2006 மே மாதம் தொடங்கி அந்த ஆண்டு தீபாவளி வரை எங்கள் விடுதி அறையில் நடந்த வாதம் முழுக்க அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றில் ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் 2005 நவம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது, வாதம் தொடங்கிய மே மாதத்தில் இந்தியாவுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. மற்ற இரண்டும் எங்குமே வெளிவரவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் அந்த மே மாதம் நடந்த இ3 கண்காட்சிச் செய்திகளைப் பிரவுசிங் சென்டரில் படித்து, முக்கியமானதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவோம். மெஸ்ஸில் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தாள்களைக் கட்டிலில் பரப்பினால், விளக்கை அணைக்க ஒரு மணியாகிவிடும்.

பிளேஸ்டேஷன் பக்கம் பேசியவன் கோயம்புத்தூர்க்காரன். அப்பாவுக்கு லேத் பட்டறை. இயந்திரம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பான். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து செய்த ‘செல்’ சிப் அவனை மயக்கியிருந்தது. 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு தலைமைக் கோர். அதன் கீழே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் துணைக் கோர்கள். பட்டறையில் மேஸ்திரியும் ஆட்களும் போல என்று அவன் விளக்கிய பிறகுதான் எனக்குப் பாரலல் பிராசசிங் என்றால் என்ன என்றே புரிந்தது. போதாததற்கு ப்ளூ-ரே. டிவிடியில் இரண்டு அடுக்கு சேர்ந்து 8.5 ஜிபி, ப்ளூ-ரேயில் 50 ஜிபி.

எக்ஸ்பாக்ஸ் பக்கம் நாகர்கோவில்காரன். அவனுடைய வாதம் எப்போதும் ஒன்றுதான்: “மக்கா, கடையில இருக்கறதப் பேசு. வரப்போறதப் பத்திப் பேசாத.” மூன்று கோர்கள், மூன்றும் ஒரே மாதிரி; 512 எம்பி நினைவகம், மொத்தமும் ஒரே இடத்தில். புரோகிராம் எழுதுகிறவனுக்கு எது எளிதோ அதில்தான் நல்ல கேம் வரும் என்பான். சோனி அறிவித்த விலையைப் படித்த அன்று அவன் குரல் ஓங்கியது. 20 ஜிபி மாடல் 499 டாலர், 60 ஜிபி மாடல் 599 டாலர். எக்ஸ்பாக்ஸோ 299-இலிருந்து தொடங்குகிறது. கோயம்புத்தூர்க்காரன் அன்றிரவு தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தான், பதில் பேசவில்லை.

நான் நடுவர். அட்டவணையில் எழுதுவது என் வேலை. முதல் இரண்டு கட்டங்களும் நிரம்பி ஓரத்தில் வழிகின்றன. மூன்றாவது கட்டத்தில், நிண்டெண்டோவின் வீக்கு, நான்கே வரிகள். 729 மெகாஹெர்ட்ஸ். 88 எம்பி. ஹெச்டி கிடையாது. டிவி ரிமோட் மாதிரி ஒரு கன்ட்ரோலர். ‘ரெவல்யூஷன்’ என்று அதுவரை சொல்லிவந்த பெயரை ஏப்ரலில்தான் ‘வீ’ என்று மாற்றியிருந்தார்கள். அதற்காகப் பேச எங்கள் அறையில் ஆள் இல்லை.

தீபாவளிக்குக் கும்பகோணம் போனபோது அந்த நோட்டும் பையில் வந்தது. தங்கச்சி அப்போது பத்தாம் வகுப்பு. நோட்டை எடுத்துப் புரட்டியவள், அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, இதுல ரெண்டாவது ஜாய்ஸ்டிக்ல ஸ்டார்ட் பட்டன் இருக்கா?”

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்களில் ஒன்று என்பது பின்னாளில் தெரிந்துகொண்டது. எங்களுக்கு அது கேசட் போடும் டிவி கேம், அவ்வளவுதான். இரண்டு ஜாய்ஸ்டிக். முதலாவதில் நடுவே ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு சிறு ரப்பர் பட்டன்கள். இரண்டாவதில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக். அசல் ஃபேமிகாமிலேயே இரண்டாவதில் அந்த இரண்டு பட்டன்களும் கிடையாது. அதாவது இரண்டாவதைப் பிடித்தவர் ஆட்டத்தைத் தொடங்க முடியாது, நடுவில் நிறுத்த முடியாது, எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. எட்டு வருடம் அந்த ஜாய்ஸ்டிக் அவள் கையில்தான் இருந்தது.

நாங்கள் அதிகம் ஆடியது கான்ட்ரா. அதில் மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவர் ஏற ஏறத் திரையும் மேலே நகரும். பின்தங்கியவர் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போனால் அதோடு ஓர் உயிர் போய்விடும். எதிரியின் குண்டு படாமலே, கூட ஆடுகிறவரின் அவசரத்தாலேயே சாகிற இடம் அது. “அண்ணே, நில்லுண்ணே!” என்று அவள் கத்துவது தெருவுக்கே கேட்கும். நான் நின்றதில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன், என் பென்சிலை வாங்கி மூன்றாவது கட்டத்தில் ஐந்தாவது வரியை அவளே எழுதினாள்: ‘எழுந்து நின்னு ஆடலாம். எல்லாருக்கும் ஒரே ரிமோட்.’

இன்று அந்தப் பக்கத்தை விரித்துவைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரன் செல் சிப்பைப் பற்றிச் சொன்னது பொய்யாகவில்லை. அதன் மேம்பட்ட வடிவத்தைப் பயன்படுத்திய ரோட்ரன்னர் என்ற சூப்பர் கம்ப்யூட்டர்தான், 2008-இல் பெட்டாஃப்ளாப் வேகத்தை முதன்முதலில் தாண்டியது. ஆனால் துணைக் கோர்களுக்குத் தனித்தனியாக வேலை பிரித்துக் கொடுத்து கேம் எழுதுவது பெரிய ஸ்டூடியோக்களுக்கே கஷ்டமாக இருந்தது. அந்த இடத்தில் நாகர்கோவில்காரன் சொன்னதுதான் பலித்தது. அவன் கணிக்காத ஒன்றும் நடந்தது: பழுதான எக்ஸ்பாக்ஸ்களில் சிவப்பு வளையம் எரியத் தொடங்கியது, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டித்து, அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு 2007 ஏப்ரலில் வந்தது, 39,990 ரூபாய்க்கு.

விற்பனைக் கணக்கு மூன்றாவது கட்டத்துக்குச் சாதகமாக முடிந்தது. வீ 10 கோடியே 16 லட்சம். பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடி, எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8.4 கோடி. வீயின் விலை 250 டாலர் என்பதும், அமெரிக்காவில் பெட்டிக்குள்ளேயே வீ ஸ்போர்ட்ஸ் கேம் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதும் காரணங்கள். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. அப்போது நிண்டெண்டோவின் தலைவராக இருந்த சதோரு இவாடா, ஏற்கெனவே ஆடுகிறவர்களுக்கு இன்னும் வேகமான பெட்டியைத் தருவதைவிட, இதுவரை ஆடாதவர்களை ஆடவைப்பதையே இலக்காக வைத்திருந்தார். கன்ட்ரோலரைக் கண்டு தயங்குகிறவர்கள்கூட எடுத்துப் பார்க்கட்டும் என்றுதான் அதற்கு டிவி ரிமோட்டின் உருவம். நாங்கள் மூவரும் ஆறு மாதம் பேசியும் தொடாத கேள்வியை என் தங்கச்சி ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டாள். அவள்தானே எட்டு வருடம் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தவள்!

2009-இல் நாகர்கோவில்காரன் ஆன்சைட் முடித்து அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது ஒரு வீ வாங்கிவந்தான். வேளச்சேரியில் அவன் வீட்டில் டென்னிஸ் போட்டோம். தங்கச்சி எதிரே நின்று ரிமோட்டை வீசினாள். மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் திரை சட்டென்று நின்றது. பிளஸ் பட்டனை அழுத்தியிருந்தாள். “தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்று சமையலறைக்குப் போனாள். நாங்கள் மூன்று ஆண்கள் ரிமோட்டைப் பிடித்தபடி காத்திருந்தோம். அவளுக்காக ஓர் ஆட்டம் நின்றதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இப்போது என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனும் ஓர் அட்டவணை வைத்திருக்கிறான், போனில். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் 12 டெராஃப்ளாப், பிளேஸ்டேஷன் 5-இல் 10.28 என்று ஒப்பிக்கிறான். ஆனால் எங்களுக்கு இருந்த அளவு வாதம் அவனுக்கு இல்லை. செல் போன்ற தனி வழி 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதே முடிந்துபோனது. இன்று இரண்டு பெட்டியிலும் ஏஎம்டியின் ஜென் 2 கோர்கள் எட்டு, இரண்டிலும் 16 ஜிபி. நாகர்கோவில்காரன் உயிரைக் கொடுத்து வாதாடிய எக்ஸ்பாக்ஸ் கேம்களில் ஒன்றான கியர்ஸ் ஆஃப் வார், 2025 ஆகஸ்டில் பிளேஸ்டேஷனுக்கே வந்துவிட்டது. விலையும் தலைகீழாகிவிட்டது. அன்று 599 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன், மூன்றே ஆண்டில் 299-க்கு இறங்கியது. காத்திருந்தால் கைக்கு எட்டும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருந்தது. 2020-இல் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், ஐந்தாவது ஆண்டில் 599-ஐயும் தாண்டி ஏறியது. காத்திருக்கும் பையனுக்குப் பெட்டி தள்ளித் தள்ளிப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மகனிடம் அந்தப் பழைய பக்கத்தைக் காட்டினேன். வேகம், நினைவகம், டிஸ்க் எல்லாம் இருக்கட்டும். இன்னொரு வரிசை சேர்த்துக்கொள் என்றேன்: பக்கத்தில் உட்கார்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று இந்தப் பத்தொன்பது வருடங்களில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியிருக்கிறேன். அத்தையின் கையெழுத்தில் இருந்த ஐந்தாவது வரியை அவன் இரண்டு முறை படித்தான்.

போன மாதம் தங்கச்சி மகளோடு வந்திருந்தாள். அவர்களிடம் ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது. அதன் இருபுறமும் உள்ள ஜாய்-கானைக் கழற்றினால் ஆளுக்கொன்று. இடதில் மைனஸ் பட்டன், வலதில் பிளஸ். பழைய கான்ட்ரா கேம்களைத் தொகுத்து 2019-இல் கொனாமி வெளியிட்ட தொகுப்பு அதில் இருந்தது. தங்கச்சி பிளஸ் உள்ளதை எடுத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். அவளே தொடங்கினாள்.

மூன்றாவது கட்டம் வந்தது. நான் நான்கு பாறை ஏறிவிட்டேன். அவள் கீழே ஓரமாக ஒரு குண்டுக்குத் தப்பிக் குனிந்திருந்தாள். மேலே இருந்து பாறைகள் உருண்டு வந்துகொண்டிருந்தன. நான் அங்கேயே நின்றேன்.

மருமகள் என் தோளை உலுக்கினாள். “மாமா, ஏன் நின்னுட்டீங்க? ஏறுங்க மாமா!”

“அம்மா வரட்டும்டா.”