இதர

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் எந்தச் சாமானும் தொலைவதில்லை. எல்லாம் கூடையில் பத்திரமாக இருக்கிறது. எந்தக் கூடையில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டுத்தான் தினமும் சண்டை.

மேரி கோண்டோ என்று ஒரு ஜப்பானியப் பெண்மணி இருக்கிறார். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி 2010-இல் அவர் எழுதிய புத்தகம் உலகமெல்லாம் சுற்றி வந்தது. 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் ஆனது. "பாருங்கப்பா, உங்களுக்காகவே எடுத்த மாதிரி இருக்கு" என்றாள் பெங்களூரில் இருக்கும் மகள். பார்த்தேன். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மனசுக்குச் சந்தோஷம் தருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். தரவில்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். முதலில் கையில் வந்தது மின்கட்டண அட்டை. சந்தோஷம் வரவில்லை, ஆனால் அனுப்பவும் முடியாதே! அடுத்து, மாமனார் எடுத்துக் கொடுத்த சஃபாரி சூட். நான் அதைக் கையில் எடுத்ததுதான் தாமதம், "அதை வைங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. சரி, கழிப்பது நமக்குச் சரிப்படாது, அடுக்குவதை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று கூடை வாங்கக் கிளம்பினேன்.

நாங்கள் இருப்பது சிதம்பரத்தில். சீர்காழி போகிற சாலையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் தைக்கால். பிரம்புக்குப் பேர்போன ஊர். சாலையோரக் கடைகளில் ஊஞ்சல், நாற்காலி, தொட்டில், கூடை என்று பிரம்புச் சாமான்களாகவே இருக்கும். கடைக்காரர் எனக்குப் பொறுமையாகப் பாடம் எடுத்தார். பிரம்பு என்பது பனைக்குச் சொந்தக்காரக் கொடி, உள்ளே கெட்டியாக இருக்கும்; மூங்கில் புல் சாதி, நடுவே பொள்ளல், பிளந்துதான் பின்ன வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் விலையைக் கேட்டேன். கேட்டதும் மூங்கிலின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

'கூடை, பெட்டி என்று காசைக் கொட்டாதீர்கள், வீட்டில் கிடக்கும் செருப்புப் பெட்டியே போதும்' என்பதுதான் கோண்டோ அம்மையாரின் கட்சி என்று வீடு வந்து சேர்ந்த பிறகு மகள் போனில் சொன்னாள்.

கொஞ்ச நாளில் கூடைகளுக்கு அடியில் மெல்லிய மாவு உதிர ஆரம்பித்தது. மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தேடி வண்டு துளைக்கும். முறம், கூடைக்கெல்லாம் ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்து மெழுகிக் காயவைப்பது பழைய வழக்கம், இடுக்கெல்லாம் அடைபடும். மாமியாரிடம் பக்குவம் கேட்டு நானே மெழுகினேன். வண்டு அசரவில்லை. என் சட்டைகள்தான் வெந்தயமாக மணந்தன. ஆபீசில் பக்கத்து சீட்காரர் குரலைத் தாழ்த்தி, "எப்போலேர்ந்து சார் சுகர்?" என்றார்.

இதெல்லாம் பரவாயில்லை. சீட்டு எழுதி ஒட்டினேன் பாருங்கள், அங்கேதான் குடி கெட்டது. பில், மருந்து, சார்ஜர், சாவி என்று எழுதிவிட்டு, ஒரு கூடை மிஞ்சுகிறதே என்று 'இதர' என்று ஒன்றை ஒட்டினேன். டார்ச் செல் எந்தக் கூடையில் சேரும்? சார்ஜரும் இல்லை, மருந்தும் இல்லை, போடு இதரவில். விபூதிப் பொட்டலம், பழைய சிம், ஊக்கு, கல்யாணப் பத்திரிகை, எந்தப் பாட்டிலோடது என்றே தெரியாத மூடி... கடைசியில் பில்லும் சாவியும்கூடத் தங்கள் கூடையை விட்டுவிட்டு அங்கேயே குடிபோய்விட்டன. இப்போது எங்கள் வீட்டில் தேடுவது என்றால், கூடத்தில் பாயை விரித்து 'இதர'வைக் கவிழ்ப்பது. ஒருநாள் அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்துவிட்டான். நடுக்கூடத்தில் குந்தியிருந்த என்னைப் பார்த்து, "ஏன் அத்தான், வீடு காலி பண்றீங்களா?" என்றான். சொல்லியிருந்தால் பழைய சாமானுக்கு ஆள்கூடப் பிடித்துக் கொடுத்திருப்பான்.

என் மனைவியின் அஞ்சறைப்பெட்டியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். கரண்ட் போன இருட்டிலும் கடுகை எடுத்துத் தாளித்துவிடுவாள். ஆழமில்லாத பெட்டி; மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். துணியை மடித்து நிமிர்த்தி வைக்கச் சொல்லும் கோண்டோவின் வித்தையும் இதேதான். நானும் நிமிர்த்தி வைத்தேன். ஒரு பனியனை உருவியதும் மிச்சமெல்லாம் மாநாடு முடிந்த தொண்டர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிட்டன.

அவளிடம் ஒரு வயர்கூடையும் உண்டு, சிவன்கண் முடிச்சுப் போட்டு அவளே பின்னியது. மார்க்கெட்டுக்குப் போகும், நிரம்பி வரும், வந்த வேகத்தில் காலியாகி ஆணியில் தொங்கும். இதில் எனக்கு ஏதோ பாடம் இருப்பதாக அவள் அடிக்கடி சொல்வாள். நான் கேட்டுக்கொள்வதில்லை.

போன வாரம்தான் எனக்கு ஆறுதலாக ஒரு சேதி கண்ணில் பட்டது. மூன்று பிள்ளைகள் ஆனபிறகு, வீட்டை ஒழுங்குபடுத்துவதைத் தானே ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023-இலேயே கோண்டோ சொல்லியிருக்கிறார்! அடுப்படிக்கு ஓடினேன்.

"பாத்தியா, அந்தம்மாவே கைவிட்டுட்டாங்க!"

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க மூணு பிள்ளையை வளக்குறாங்க. நீங்க எதை வளக்குறீங்க?"

'இதர – 2' என்று நான் சீட்டு எழுதியதை அவள் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!