வைகைக்குப் போன தெர்மாகோல்

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட அமைச்சர் செல்லூர் ராஜுவைப் பார்த்து ஊரே சிரித்தது. யோசனையில் குற்றமில்லை, தண்ணீரை மூடி வைத்தால் ஆவியாவது குறையத்தான் செய்யும். விலாசம்தான் தப்பு. அந்த அட்டைகளைக் கோயமுத்தூருக்கு லாரி ஏற்றியிருந்தால் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். வைகையில் ஆனதுபோல் காற்றடித்தால் கரை ஒதுங்காது. நாலு பக்கமும் டைல்ஸ்.

அது சாதாரண வருஷமா? வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. உலகத்திலேயே ருசியான தண்ணி என்று கோயமுத்தூர்க்காரர்கள் நாம் பீற்றிக்கொள்ளும் சிறுவாணி தரை தட்டியது. இப்படி வரும் ஒவ்வொரு வறட்சியிலும் உபதேசம் மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், வாளியில் குளியுங்கள். யாருக்குச் சொல்கிறார்கள்? குழாயில் காற்று மட்டும் வருகிற வீட்டுக்கு!

கொஞ்சம் கணக்குப் போடலாம். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு நீச்சல் குளம் என்றால் 75,000 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் மொண்டால் 5,000 குடம். கோடையில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால் 250 லிட்டர். அதாவது பதினாறு குடத்துக்கு மேல், ஒருத்தரும் ஒரு முங்குகூடப் போடாமலே வானத்துக்குப் போகிறது. ராத்திரி மோட்டார் போட்டு அதை நிரப்புவார்கள். மணல் ஃபில்டரைக் கழுவிக் கொட்டுவது தனி. மேலே ஒரு கவர் விரித்தால் ஆவியாவதில் பெரும்பகுதி மிஞ்சும். விரிப்பார்களா? பால்கனியிலிருந்து பார்த்தால் நீலம் தெரியாதே! ஃபிளாட் விலையில் பாதி அந்த நீலத்துக்குத்தானே.

"நம்ம சொந்த போர் தண்ணிங்க, இதுல யாருக்கென்ன நட்டம்?" என்பார் குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர். காம்பவுண்டுச் சுவர் தரைக்கு மேலேதான் நிற்கிறது, பெரியவரே. ஆயிரம் அடிக்குக் கீழே உங்கள் தண்ணி எது, கிணறு வற்றித் தென்னைக்கு லாரித் தண்ணி வாங்கி ஊற்றுகிறவரின் தண்ணி எது என்று பிரித்துக் காட்ட எந்த சர்வேயராலும் முடியாது. கேட்க ஒரு சட்டம் இருந்தது. 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினார்கள். பத்து வருஷம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து 2013-இல் ரத்து செய்தார்கள். தமிழ்நாட்டில் கடைசிச் சொட்டு வரை சிக்கனமாகப் பயன்படுத்தப்பட்டது அந்தச் சட்டம் ஒன்றுதான்.

அதே 2017-இல், நொய்யல் ஆற்றில் நுரை பொங்கியபோது, ஜனங்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால் வருகிற நுரை என்று விளக்கம் தந்தார் சுற்றுச்சூழல் அமைச்சர் கருப்பணன். ஆற்றில் கழிவு விடுகிற சாயப்பட்டறைகளுக்கு எத்தனை நிம்மதி! அந்தக் கணக்கில் நீச்சல் குளத்துக்காரர்களுக்கு விருதே கொடுக்க வேண்டும். அவர்கள் சோப்பே போடுவதில்லை.

இந்த நீச்சல் குளக் கதை கோவைக்கு மட்டுமான பெருமையும் அல்ல. 2018-இல் தண்ணீர் தீரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த கேப் டவுனில் தலைக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்தார்கள். அந்த நகரத்தைப் பற்றி 2023-இல் வந்த ஓர் ஆய்வு, மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத வசதியானவர்கள் நகரத்தின் தண்ணீரில் பாதிக்கு மேல் செலவழிக்கிறார்கள் என்றது. தோட்டமும் நீச்சல் குளமும்தான், வேறென்ன?

பெங்களூரு 2024 மார்ச்சில் கொஞ்சம் விழித்துக்கொண்டது. குடிநீரை நீச்சல் குளத்தில் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். இங்கேயும் அப்படி ஓர் உத்தரவு வந்தால் நம்மவர்கள் பதறமாட்டார்கள். 5,000 ரூபாயை நூறு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஐம்பது ரூபாய். அடுத்த மாத மெயின்டனன்ஸ் பில்லில் 'இதர செலவுகள்' என்று சேர்த்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள்.