லண்டனுக்கு மனைவியைக் கூப்பிடுவது எப்படி?

சாதகத்தை மூடி வையுங்கள். சம்பளத் துண்டை எடுங்கள். பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஒருவர் ஊரிலிருந்து துணையைக் கூப்பிட நினைத்தால், பார்க்கவேண்டிய முதல் பொருத்தம் ஆண்டு வருமானம். அது 29,000 பவுண்ட் இருக்கவேண்டும். பத்துப் பொருத்தமும் பொருந்தி, சம்பளம் 28,900 என்றால் சம்பந்தம் சரிவராது. செவ்வாய்க் குற்றத்துக்காவது கோயிலில் பரிகாரம் உண்டு. இந்த நூறு பவுண்ட் குற்றத்துக்கும் ஒரு பரிகாரம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், நாற்காலியில் உட்கார்ந்தபின் சொல்கிறேன்.

எப்போது காதலிப்பது என்பதும் முக்கியம். 2012 யூலைக்கு முன்னர் காதலித்திருந்தால் மிகவும் நல்லது. அந்த மாதம் 9ஆம் திகதி, தெரேசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, 18,600 பவுண்ட் என்ற தொகை சட்டமானது. பிரிந்திருந்த குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2017இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்று கண்டித்துவிட்டு, வருமான எல்லை வைப்பது சட்டப்படி சரியே என்றது. 2023 டிசம்பரில் அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி 38,700 என்று அறிவித்தார். அவ்வளவையும் ஒரேயடியாக ஏற்றாமல், 2024 ஏப்ரல் 11இல் முதல் படியாக 29,000 ஆக்கினார்கள். பிறகு ஆட்சி மாறியது, மற்றப் படிகள் நின்றன, முதல் படி அப்படியே நிற்கிறது. ஏப்ரல் 10ஆம் திகதி விண்ணப்பித்தவரின் மனைவி 18,600க்கு வந்தார். அடுத்த நாள் விண்ணப்பித்தவரின் மனைவிக்கு 10,400 பவுண்ட் விலை ஏறிவிட்டது.

29,000 பெரிய தொகையா என்று கேட்பவர்கள் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யாதவர்கள். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் நாற்பது மணித்தியாலம், ஒரு கிழமையும் விடாமல் உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 25,400. அரசாங்கம் சட்டம் போட்டு நிர்ணயித்த கூலியில் முழுநேரம் வேலை செய்கிறவனுக்கு, அதே அரசாங்கத்தின் இன்னொரு சட்டப்படி, மனைவியோடு வாழ வசதி போதாது. அந்தக் கூலிக்கு வாரம் 46 மணித்தியாலம் நின்றால் போதும். அப்படி நிற்கிறவர் மனைவியை எப்போது பார்ப்பார் என்று படிவத்தில் எங்கும் கேட்கவில்லை.

இனி, யாருடைய வருமானம் கணக்கில் வரும் என்பது. மனைவி யாழ்ப்பாணத்தில் வங்கி முகாமையாளர் என்று வைத்துக்கொள்வோம். அல்லது கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர். ஆங்கிலம் உங்களைவிட நன்றாகப் பேசுவார். வந்து இறங்கிய மறு மாதமே உங்களைவிடக் கூடச் சம்பாதிக்கவும் கூடும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது அவருடைய சம்பளத்தின் மதிப்புச் சுழியம். லண்டனில் இருக்கும் நீங்கள் தனியாகத்தான் 29,000 காட்டவேண்டும். ஆனால் அவருடைய சேமிப்பு செல்லும். அதாவது, அவர் உழைப்பதை நம்பமாட்டார்கள். உழைத்து மிச்சம் பிடித்ததை நம்புவார்கள். மாமியார் வீட்டு மனோபாவம் என்று இதைச் சொல்லலாம், ஆனால் எனக்குத் தெரிந்த மாமியார்கள் இதைவிடத் தாராளமானவர்கள்.

உங்கள் அண்ணர் பெரிய சம்பளக்காரர், அவர் பொறுப்பெடுக்கிறார் என்றால்? மிகவும் விதிவிலக்கான நிலைமைகளில் தவிர அது எடுபடாது. "என்ர தம்பியின்ர மனுசியை நான் பார்க்க மாட்டனோ?" என்று அண்ணர் நெஞ்சில் அடித்துச் சொல்லலாம். நெஞ்சில் அடித்ததற்குப் பதிவேற்றும் இடம் இணையப் படிவத்தில் இல்லை.

வேலை இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது என்றால் அடுத்தது அதைக் காகிதமாக்குவது. எளிதான வழி, ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் இந்தச் சம்பளத்தில் இருந்திருப்பது. ஆறு மாதச் சம்பளத் துண்டுகள். அதே ஆறு மாதத்துக்கான வங்கிக் கூற்று. துண்டில் உள்ள தொகை கூற்றில் வந்து விழுந்திருக்கவேண்டும், சதம் பிசகாமல். இங்கேதான் நம்மவர் கடைகளின் பழைய வழக்கம் வந்து நிற்கும்: பாதி வங்கியில், பாதி கையில். கையில் வாங்கிய பாதியில் நீங்கள் வாடகை கட்டியிருக்கலாம், ஊருக்கு அனுப்பியிருக்கலாம், தங்கச்சிக்குக் கலியாணமே செய்து வைத்திருக்கலாம். உள்துறை அமைச்சைப் பொறுத்தவரை அந்தக் காசு இந்தப் பூமியில் இருந்ததில்லை.

பிறகு முதலாளியின் கடிதம். வேலையில் எத்தனை காலம் இருக்கிறீர்கள், ஆண்டுச் சம்பளம் என்ன, அந்தச் சம்பளத்தை எப்போதிருந்து பெறுகிறீர்கள், நிரந்தரமா தற்காலிகமா: இந்த நான்கும் அதில் இருக்கவேண்டும். "நல்ல பெடியன், நேரத்துக்கு வருவான், களவில்லை" என்று எழுதித் தந்தால் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டலாம், விசாவுக்கு உதவாது. கடிதம் கேட்கும் கலை தனி. முதலாளி உடனே எழுதித் தரமாட்டார். "கடுதாசி என்னத்துக்கு? அவங்களை எனக்கு அடிக்கச் சொல்லு, நான் கதைக்கிறன்" என்பார். கணக்காளரிடம் கேட்கவேண்டும் என்பார். கணக்காளர் விடுமுறையில் இருப்பார். கடைசி வங்கிக் கூற்று விண்ணப்பத்துக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்கவேண்டும் என்பதால், கணக்காளர் திரும்பி வரும்போது கடிதம் புதிதாகவும் கூற்று பழையதாகவும் ஆகியிருக்கும். மறுபடி தொடங்குங்கள்.

சம்பளம் ஐந்தாம் மாதத்தில் கூடியதா? வாழ்த்துகள், பலனில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஆறு மாதத்தில் எது ஆகக் குறைந்த சம்பளமோ அதைத்தான் எடுப்பார்கள். மணிக்கணக்குச் சம்பளக்காரருக்குச் சராசரி. அந்தச் சராசரிக்குள் நீங்கள் ஊருக்குப் போய்த் தாலி கட்டிய மாதமும் இருந்தால், சம்பளமில்லாத அந்த விடுப்பு முழுச் சராசரியையும் இழுத்து விழுத்தும். ஆகவே எழுத்தை, அதாவது பதிவுத் திருமணத்தை, முதலில் முடியுங்கள். ஆறு மாதம் லண்டனில் அசையாமல் வேலை செய்யுங்கள். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் போய் ஐயரைக் கூப்பிடுங்கள். முகூர்த்தத்தை இப்போது பஞ்சாங்கத்தைவிடச் சம்பளப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது.

இனிப் பரிகாரம். உட்கார்ந்துவிட்டீர்களா? வருமானம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம். முதல் 16,000 பவுண்டை அவர்கள் எண்ணமாட்டார்கள். அது இங்கே ஒருவர் நலன்புரிக் கொடுப்பனவு கேட்கத் தடையாகும் சேமிப்பு எல்லை. அதற்கு மேல் உள்ளதை இரண்டரையால் வகுப்பார்கள். ஆகவே உங்கள் சம்பளம் 28,900 என்றால், குறைகிற நூறு பவுண்டை நிரப்ப வங்கியில் 16,250 பவுண்ட் இருக்கவேண்டும். சம்பளமே இல்லையென்றால் 88,500. இந்தக் காசு ஆறு மாதம் முழுவதும் கணக்கில் இருக்கவேண்டும். இடையில் ஒருநாள் குறைந்தாலும் குறைந்த தொகைதான் கணக்கு. அந்த ஆறு மாதமும் யார் கைமாற்றுக் கேட்டாலும் இல்லையென்று சொல்லப் பழகுங்கள். உறவுகள் போகும். மனைவி வருவார்.

காசு எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் வேண்டும். அன்பளிப்பு ஆகும், கடன் ஆகாது. மாமா தந்தால் அவர் அதைத் திரும்பக் கேட்கக்கூடாது. எந்த மாமாவும் அப்படிச் செய்து நான் அறியேன். சீட்டு எடுத்த காசு வங்கிக்கு வந்து ஆறு மாதம் இருந்தால்தான் காசு. கட்டாத சீட்டுப் பாக்கி இருந்தால் அது கடனா சேமிப்பா என்று அதிகாரிக்கு விளக்க முயலாதீர்கள். சீட்டை அவருக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். மனைவியின் கழுத்தில் இருக்கும் நகை, ஊரில் உள்ள பத்துப் பரப்புக் காணி, ஈஸ்ட் ஹாமில் அரைவாசிக் கடன் கட்டி முடித்த வீடு எதுவும் எண்ணிக்கையில் இல்லை. விற்றுக் காசாக்கினால்தான் உண்டு. நிலையான வைப்பு, நினைத்த நேரம் எடுக்கக்கூடியதாக இருந்தால் செல்லும்.

சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவருக்கு இந்தச் சேமிப்புப் பரிகாரமும் கிடையாது. சுயதொழில் வருமானத்தோடு சேமிப்பைக் கூட்டவிடமாட்டார்கள். முடிந்த நிதியாண்டின் வரிக் கணக்கைக் கேட்பார்கள். வருடாவருடம் வரித் திணைக்களத்திடம் "எங்க சேர், ஓட்டமே இல்லை" என்று அழுதவர், இப்போது உள்துறை அமைச்சிடம் போய் நான் வசதியானவன் என்று சொல்லவேண்டும். இரண்டு அலுவலகத்துக்கும் கணினி இருக்கிறது. மனைவியைக் கூப்பிடும் எண்ணம் இருந்தால், குறைந்தது ஒரு வருடத்துக்கு முன்பே உண்மையான வருமானத்தைக் காட்டி வரி கட்டத் தொடங்குங்கள். இந்த வழிகாட்டியில் விளையாட்டில்லாமல் சொல்வது இதுவும், அடுத்ததும்.

அடுத்தது: உங்களுக்கு மாற்றுத்திறன் கொடுப்பனவோ பராமரிப்பாளர் கொடுப்பனவோ கிடைத்தால் 29,000 விதி உங்களுக்குப் பொருந்தாது. வாடகை போக வாழப் போதுமானது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பலர் இது தெரியாமல், இல்லாத வேலை ஒன்றைத் தேடி அலைகிறார்கள். தெரிந்த ஆலோசகரும் சில வேளை சொல்வதில்லை.

கட்டணம்: 2025 ஏப்ரலில் இருந்த கணக்குப்படி விசாவுக்கு 1,938 பவுண்ட், இரண்டே முக்கால் வருடத்துக்கான சுகாதார வரி 3,105 பவுண்ட். நிராகரித்தால் சுகாதார வரி திரும்பிவரும், விசாக் கட்டணம் வராது.

விசா கிடைத்ததும் ஹீத்ரோவுக்குப் பூச்செண்டோடு போங்கள், தடையில்லை. ஆனால் சம்பளத் துண்டுகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். விசா முடிய நீடிப்புக்கும், ஐந்து வருடம் கழித்து நிரந்தர வதிவிடத்துக்கும் இதே கணக்கைத் திரும்பவும் காட்டவேண்டும். அப்போது அவருடைய சம்பளத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.